இரண்டு மணி மருந்து

குழாய் வழியாக மருந்து கொடுப்பதில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. லண்டனில், மோர்டனில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினோரு வருடங்களாக நேர்ஸாக வேலை செய்கிறேன். இத்தனை காலத்தில் என் கையில் ஒரு குழாயும் அடைத்ததில்லை. மன்னாரிலிருந்து போனில் பேசும் என் சித்தப்பா இன்றுவரை, "ஆம்பிளைப் பிள்ளை, ஏன் உந்த வேலை?" என்று கேட்பார். உந்த வேலையில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

வாயால் விழுங்க முடியாதவர்களுக்கு வயிற்றில் சிறு துளையிட்டு, இரைப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்துவிடுவார்கள். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் அதற்குள்ளால்தான் போகும். சாப்பாடு என்பது பையில் வரும் பால் போன்ற ஒரு திரவம். நாங்களும் அதைப் பால் என்றே சொல்வோம். ஒரு சிறிய பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் உள்ளே செலுத்தும்.

மருந்து நேரம் வந்தால் முதலில் பம்பை நிறுத்த வேண்டும். ஆளை நிமிர்த்தி இருத்த வேண்டும். குழாய் நகர்ந்துவிட்டதா என்று அறிய, அது தோலைத் தொடும் இடத்தில் தெரியும் அளவு இலக்கம் நேற்றிருந்ததுதானா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர், ஒரு மருந்து, கொஞ்சம் தண்ணீர், அடுத்த மருந்து, கடைசியில் மறுபடியும் தண்ணீர். இரண்டு மருந்துகளை ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைவதற்கென்று செய்த மாத்திரையை இடிக்கவே கூடாது. இடித்தால் ஒரு நாளைக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்புக்குள் இறங்கிவிடும். குழாயில் கொடுக்கக்கூடிய வடிவம் இருக்கிறதா என்று பார்மசிஸ்டைக் கேட்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். நான் அவசரப்படுவதில்லை.

இப்படியிருந்த எனக்கும் ஒரு மனிதர் விஷயத்தில் பிழை நேர்ந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் கார் ஓட்டப் பழக்கும் வேலையை இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் செய்தவர். மோர்டன் பக்கத்துத் தமிழர்களில் எத்தனையோ பேர் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள். பார்க்கின்சன் நோய் வந்து, கைகால்கள் இறுகி, பிறகு தொண்டையும் இறுகியது. சாப்பாடு சுவாசப்பைக்குள் போய் இரண்டு தடவை நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து எங்களிடம் அனுப்பினார்கள். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன்.

பார்க்கின்சன் மாத்திரைக்கு நேரம் முக்கியம். அரை மணி பிந்தினாலும் ஆள் மரம்போல் ஆகிவிடுவார். அவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை: காலை ஏழு, பத்தரை, பகல் இரண்டு, மாலை ஐந்தரை, இரவு ஒன்பது. தண்ணீரில் போட்டதும் கரைகிற மாத்திரை. ஏழு மணி மருந்தை நான் கொடுத்தால் ஏழே முக்காலுக்கு அவருடைய முகம் இளகும். சவரம் செய்யும்போது தாடையைத் தானே தூக்கித் தருவார். குரல் மெல்லியதாக, ஒவ்வொரு சொல்லாக வரும். "வெளியில மழையோ?" என்பார். "ஓம் அங்கிள்" என்றால், "மழைக்கு முன்னுக்குப் போறவனை விட்டு நல்லாத் தள்ளி ஓட வேணும்" என்பார்.

அவருடைய மனைவி இதையெல்லாம் பார்த்ததில்லை. மகனுடைய கைக்குழந்தையைப் பகல் ஒரு மணிவரை அவர்தான் வீட்டில் வைத்துப் பார்ப்பார். மருமகள் வேலையால் வந்ததும் பஸ் பிடித்து ஒன்றரைக்கு எங்களிடம் வருவார். நாலரைக்குப் போவார். சனி, ஞாயிறுகளிலும் பத்து மணிக்கு முன் நாங்கள் ஆட்களை உள்ளே விடுவதில்லை. எல்லாரையும் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற நேரம் அது. ஆகவே அந்த அம்மா வரும்போதெல்லாம் தலையணையில் சாய்ந்திருப்பது அசையாத ஒரு முகம்தான். கண் திறந்திருக்கும். இமை கூட மெதுவாகத்தான் மூடும்.

"தம்பி, அவர் என்னோட கோவம்," என்றார் ஒருநாள்.

நான் இரண்டு மணி மருந்தைக் கொடுத்து முடித்து, பம்பை மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் அன்ரி அப்பிடிச் சொல்லுறியள்?"

"ஆஸ்பத்திரியில உந்த ரியூப் வைக்கட்டோ எண்டு டொக்டர் கேக்கேக்க, நான்தானே ஓம் எண்டு சொன்னது. அவரால அப்ப வாய் திறக்கேலாது. கட்டில்ல கிடந்து என்னைப் பாத்தவர். வேண்டாம் எண்டுதான் பாத்தவர். நாற்பத்தாறு வருசம் அந்தக் கண்ணைப் பாத்தனான், எனக்குத் தெரியாதோ?"

"அது வருத்தம் அன்ரி. கோவம் இல்லை. பின்னேரத்தில அவருக்குக் களைப்பு கூட."

"காலமையில உங்களோட கதைக்கிறாராம். கெயரர் பிள்ளையளும் சொல்லுதுகள். என்னைக் கண்டாப் பிறகுதான் வாய் மூடுது."

நான் களைப்பு என்று சொன்னது வெறும் சமாதானத்துக்கல்ல. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். முதியவர்கள் பின்னேரத்தில் வாடிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி மருந்தை ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல், ஒரு துளி சிந்தாமல் நானே என் கையால் கொடுக்கிறேன். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு அங்கிளின் பம்ப் கீச்சிட்டு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். திரை இருண்டுபோயிருந்தது. கம்பனிக்குப் போன் அடித்தால் மாற்றுப் பம்ப் பின்னேரம்தான் வரும் என்றார்கள். வார இறுதி என்பதால் அவசர டொக்டரோடுதான் பேச முடிந்தது. தண்ணீரையும் மருந்தையும் வழமைபோல் சிரிஞ்சில் கொடுங்கள், பம்ப் வந்ததும் பாலைத் தொடங்குங்கள் என்றார். அப்படியே செய்தேன்.

அன்று அன்ரி வரவில்லை. செவன் கிங்ஸ் பக்கத்தில் ஒரு ஹோலில் அவர்களுடைய பெறாமகளின் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. வரமாட்டேன் என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டு மணி மருந்தைக் கொடுத்தேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் விடுவதற்காக அறைக்குள் போனேன். அங்கிள் வலது கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

"மனுசி எங்க?" என்றார்.

"இண்டைக்கு வரமாட்டா, அங்கிள். செவன் கிங்ஸில சாமத்தியவீடு. உங்கட பெறாமகளின்ர பிள்ளைக்கு."

"அதுக்குள்ள வளந்திட்டாளோ," என்றார்.

பிறகு யன்னல் திரையை விலக்கச் சொன்னார். கீழே கார்கள் நிறுத்துமிடத்தில் யாரோ பின்பக்கமாகக் காரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணாடி பாக்காமல் எடுக்கிறான்," என்று குறைசொன்னார். நாலு மணிவரை முகம் இளகித்தான் இருந்தது. நாலு மணிக்குப் புதுப் பம்ப் வந்தது. பாலைத் தொடங்கினேன். ஐந்தரை மருந்தையும் கொடுத்தேன். ஆறரைக்குப் போய்ப் பார்த்தபோது பழையபடி அசையாத முகம்.

அடுத்த நாள் அன்ரி வந்ததும் வராததுமாக, நல்ல செய்தி சொல்லும் ஆசையில் நான் வாயை விட்டுவிட்டேன். "அன்ரி, நேற்றுப் பின்னேரம் அங்கிள் வடிவாக் கதைச்சவர். மனுசி எங்க எண்டு கேட்டவர்."

அவருடைய முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நேற்றைய சடங்கில் கொடுத்த பலகாரப் பை கையிலேயே இருந்தது.

"நான் வராத நாள் பாத்துக் கதைச்சிருக்கிறார்," என்றார். "சரிதானே தம்பி. நான் சொன்னதுதானே."

அன்று அவர் மூன்று மணிக்கே எழுந்து போய்விட்டார். போகும்போது கணவரின் நெற்றியில் வழமைபோலத் திருநீறு பூசினார். வழமைபோல "வாறன்" என்று சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். பின்னேரக் களைப்பு என்றால் சனிக்கிழமை ஏன் களைப்பு வரவில்லை? அதே மருந்து, அதே நேரம், அதே கை. மாறியிருந்தது ஒன்றுதான். பால் ஓடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அவருடைய கோப்பை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. பாலில் உள்ள புரதம் இந்த மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கலாம். ஆகவே பாலை இரவில் கொடுக்கவும், பகல் மருந்துகளைப் பாலிலிருந்து விலக்கி வைக்கவும் என்று எழுதியிருந்தது. புரதமும் மருந்தும் குடலில் ஒரே வாசலால்தான் உள்ளே போக வேண்டும். பால் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மருந்து வெளியே காத்துக் கிடக்கும்.

அவர் எங்களிடம் வந்த முதல் சில நாட்கள் பால் இரவில்தான் போனது. நிமோனியாக் களைப்புத் தீராமல் நாள் முழுக்க அவர் நித்திரையிலேயே கிடந்த நாட்கள் அவை. ஒருநாள் விடிய முன் தலையணையிலிருந்து வழுகிக் கீழே சரிந்து, பால் தொண்டைவரை ஏறி, இருமித் திணறிப்போனார். நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாலைப் பகலுக்கு மாற்றினோம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. எப்போதும் யாராவது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம். நியாயமான முடிவுதான். அந்த மாற்றத்தைப் பதிந்த தாளில் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து.

பம்பை நிறுத்துகிறேன், மருந்தைக் கொடுக்கிறேன், தண்ணீர் விடுகிறேன், உடனே பம்பை ஓட விடுகிறேன். கை செய்ததெல்லாம் சரி. மருந்துக்கு முன்னும் பின்னும் வயிற்றில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவேயில்லை. காலை ஏழு மணி மருந்து மட்டும் ஏன் வேலை செய்கிறது என்று ஒருதடவையாவது யோசித்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருக்கும். இரவு முழுக்க வெறும் வயிறு அல்லவா?

என் இஷ்டத்துக்குப் பாலை நிறுத்திவிட முடியாது. அது அவருடைய சாப்பாடு. ஒரு நேரத்துப் பால் குறைந்தாலும் உடம்பு மெலியும். மருந்து நேரத்தையும் நான் மாற்ற முடியாது. எனக்கு உரிமை உள்ள வேலை ஒன்று இருந்தது: பார்த்து எழுதுவது. பத்து நாள் ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன். மருந்து கொடுத்த நேரம், அப்போது பால் ஓடியதா இல்லையா, முக்கால் மணி கழித்துக் கையைத் தூக்கி மூக்கைத் தொட முடிந்ததா, ஒரு சொல்லாவது வந்ததா. என் லீவு நாட்களில் மற்ற நேர்ஸ்கள் எழுதினார்கள். காலையில் எல்லா நாளும் ஓம். பத்தரைக்குச் சில நாள் பாதி ஓம். இரண்டு மணிக்கும் ஐந்தரைக்கும் இல்லை, இல்லை, இல்லை.

அந்தத் தாளை மனேஜரின் மேசையில் வைத்தேன். அவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. என்னைவிட அதிக காலம் இந்தத் துறையில் இருப்பவர். லேசில் எதற்கும் தலையாட்டாதவர். நிறைய நேரம் தாளைப் பார்த்தார். இரவுக்கு மாற்ற முடியாது, ஏற்கெனவே ஒருதடவை சரிந்துவிட்டார் என்றார். இரவு வேண்டாம், பகலிலேயே இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்றேன். அப்படியென்றால் ஒரு நாளைக்கு நாலு தடவை தொடங்கி நாலு தடவை நிறுத்த வேண்டும், ஒரு நேர்ஸுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்தானே என்றார்.

"நான் செய்கிறேன்," என்றேன்.

"நீங்கள் செய்வீர்கள். நீங்கள் இல்லாத நாளில்?"

அது சரியான கேள்வி. "எல்லாருக்கும் பழக்குகிறேன்," என்றேன். அவர் அன்றே உணவு நிபுணருக்கும், இல்லத்துக்கு வரும் டொக்டரான ஜீபிக்கும் எழுதினார்.

உணவு நிபுணராக வந்தவர் இளம்பெண். என் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். பார்மசிஸ்டோடு போனில் பேசினார். மொத்தப் பாலின் அளவு குறையாமல், வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, நாலு பங்காகப் பிரித்தார். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னும் பின்னும் வயிறு ஓய்ந்திருக்க இடைவெளி. பால் ஓடும்போதும் அதற்குப் பிறகும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஜீபி ஒப்பமிட்டார். நான் நேர அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி அவருடைய கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். ஒவ்வொரு ஷிப்ட் நேர்ஸையும் அதன் முன்னால் நிறுத்தி, ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். ஏன் என்று தெரியாத விதியை ஆட்கள் அவசரத்தில் முதலில் கைவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

அன்ரிக்கு நான் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஒருதடவை வாயை விட்டவன். "பால் குடுக்கிற நேரத்தை மாத்தியிருக்கிறம் அன்ரி. பாப்பம்," என்றுமட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் கணவரின் கைக்குட்டைகளை மடிக்கத் தொடங்கினார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் விரல்கள் அசைந்தன. மூன்றாம் நாள் அன்ரியைக் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தார். நாலாம் நாள் நான் அவருடைய தண்ணீர் நேரத்துக்காக அறைக்குள் நின்றேன். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும். அன்ரி யன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கார்," என்றார் அங்கிள்.

அன்ரி திரும்பினார். நான்தான் ஏதோ சொன்னேன் என்று நினைத்தார் போல, முதலில் என்னைப் பார்த்தார்.

"காரை ஏன் வித்தனீர்?"

குரல் மெல்லியதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. அன்ரி கட்டிலுக்குக் கிட்ட வந்தார். அவருடைய கை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

"மகன். இஞ்ச நிண்டு போனில கதைச்சவன்."

அசையாமல் கிடக்கிறவருக்குக் காதும் கேட்காது என்பதுபோல ஆட்கள் அவருடைய தலைக்கு மேலால் என்னவெல்லாமோ பேசுவார்கள். அவர் மாதக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"வித்துத்தான் போட்டன்," என்றார் அன்ரி. "வேற என்ன செய்யிறது? வாசல்ல நிண்டு பற்றறியும் செத்து, ரயரும் காத்துப் போய்க் கிடந்தது. ஆர் ஓடுறது அதை?"

"என்னைக் கேட்டனீரோ?"

"கேட்டா நீங்கள் சொல்லியிருப்பீங்களோ? வாயைத் திறந்தனீங்களோ என்னோட? வருசம் ஒண்டாகுது!"

"திறக்கேலாமல் கிடந்தனான்."

நான் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். குழாயில் தண்ணீர் பாதி போயிருந்தது. விட்டுவிட்டுப் போக முடியாது.

"அப்ப ரியூப் வைக்கச் சொன்னதுக்கு என்னோட கோவம் இல்லையோ?" என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

அங்கிள் கண்ணைத் தாழ்த்தித் தன் வயிற்றைப் பார்த்தார். வேறு யாருடையதோ ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உதுக்கென்ன? உது கிடக்கட்டும்," என்றார். "பழக்கிறதுக்கெண்டே ரெண்டு பிரேக் வைச்ச கார். ஆரிட்டைக் குடுத்தனீர்?"

அன்ரிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு மடித்து வைத்த கைக்குட்டைகளில் ஒன்றை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூடிய துணிக்குள்ளிருந்தே பதில் சொன்னார்: "குரொய்டனில ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு. அவளும் டிரைவிங் பழக்கிறாளாம்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். பழக்குகிறவர் ஒருவரின் கைக்குத்தான் போயிருக்கிறது என்பது கொஞ்சம் பிடித்திருந்தது போல.

"கிளச்சைக் கவனமாப் பாவிக்கச் சொல்லும்," என்றார்.

நான் மிச்சத் தண்ணீரையும் விட்டுக் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே அவர்கள் தொடர்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது. மகனுக்குப் பொறுப்பில்லை என்று அங்கிள். மகனைக் குறைசொல்லக் கூடாது என்று அன்ரி. அடுத்த அறைக்கு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நல்ல சண்டையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மருந்து முழுதாக உடம்பில் சேரத் தொடங்கியதும் அவருடைய இடது கை தன்பாட்டில் நெளிந்து ஆடத் தொடங்கியது. பார்க்கின்சன் நேர்ஸ் வந்து பார்த்து, டொக்டரோடு பேசி ஒரு வேளையின் அளவைக் குறைத்த பின்னர்தான் அது அடங்கியது. இன்னொரு நாள், ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்த நேர்ஸ் அட்டவணையைப் பார்க்காமல் பம்பை ஓடவிட்டுவிட்டார். அன்ரி ஒன்றரைக்கு வந்ததும் பம்பில் பச்சை விளக்கு எரிவதைக் கண்டு மணியை அடித்தாராம். "மருந்துக்கு முன்னம் இது நிக்க வேணும்," என்று தமிழில் சொல்லி, கட்டிலுக்கு மேலே இருந்த தாளைக் கையால் காட்டினாராம். ஏஜென்சி நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விளங்கிவிட்டது. பம்பைத் தான் தொடவில்லை என்று அன்ரி அடுத்த நாள் எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

மனேஜர் இப்போது புதிதாக வருகிற ஒவ்வொரு நேர்ஸையும் குழாய் மருந்து பழக என்னிடம்தான் அனுப்புகிறார். நான் சிரிஞ்சைத் தொட விடுவதற்கு முன் அவர்களைக் கோப்பு முழுவதையும் வாசிக்க வைக்கிறேன், மூன்றாம் பக்கத்தின் அடிவரை. என் கையெழுத்து இருந்த அந்தத் தாளையும் காட்டுவேன். சிலர் சங்கடப்படுவார்கள். எனக்குச் சங்கடமில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடித்தவனும் நான்தானே.

அங்கிள் இன்னும் எங்களோடு இருக்கிறார். நோய் தன் வழியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முன்பு பின்னேரத்தில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. இப்போது ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. அந்த நேரத்தை இருவரும் வீணாக்குவதில்லை. பேரப்பிள்ளையின் பல், வீட்டுக் கூரை ஒழுக்கு, ஆர்ச்வே முருகன் கோயில் தேருக்கு யார் யார் போனார்கள், எதைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் இருக்கும்.

போன கிழமை அன்ரி தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தை இரவு நித்திரை கொள்ளவில்லையாம். நான் இரண்டு மணிக்குச் சிரிஞ்சோடு உள்ளே போனபோது என்னைப் பார்த்து, "தம்பி, இண்டைக்கு எனக்குச் சரியான தலையிடி. இவரின்ர கதை கேக்கேலாது. ஒருநாளைக்கு மட்டும் அந்தப் பாலை ஓட விடுங்கோவன்," என்றார்.

"ஏலாது அன்ரி. மருந்து மருந்துதான்."

"எனக்கெண்டாலும் ஏதும் மருந்து தாங்கோ."

"உங்களுக்கு எழுதித் தர நான் டொக்டர் இல்லை. தேத்தண்ணி வேணுமெண்டால் கொண்டுவாறன்."

குழாயின் இலக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர் விட்டேன். மருந்தைக் கொடுத்தேன். மறுபடி தண்ணீர் விட்டேன். தேநீரோடு திரும்பி வந்தபோது அன்ரி கதிரையிலேயே தூங்கிப்போயிருந்தார். மூன்று மணிக்கு அங்கிளின் முகம் இளகியது. மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போ என்று விரலால் காட்டினார். பேசக்கூடிய அந்த முக்கால் மணி நேரத்தையும் அவர் பேசாமலே கழித்தார்.

நாலரைக்கு அன்ரி விழித்து அவசர அவசரமாகக் கோட்டைப் போட்டார். அங்கிளின் முகம் அதற்குள் மறுபடி இறுகியிருந்தது. நெற்றியில் திருநீறு பூசி, "நாளைக்கு வாறன்," என்றார். அவருக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் இருவருக்குமாக ஓம் என்றேன்.